நாக்கை நம்புவதா, நட்சத்திரத்தை நம்புவதா?

மது என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு ஏராளம். தோட்டப்புறங்களில் கள்ளும் சம்சுவும் எத்தனையோ வீடுகளைச் சீரழித்த வரலாறு அதற்குக் காரணம். ஆனால், ஒயின் எனப்படும் திராட்சை மதுவைச் சுற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள ஒரு தொழிலில், குடிக்காதவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. அது ஒயின் தயாரிக்கும் தொழில் அன்று. “எதை வாங்கலாம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் தொழில்.

சவர்க்காரமோ பற்பசையோ வாங்க யாரும் நிபுணரைத் தேடிப் போவதில்லை. ஒயின் அப்படியல்ல. பேரங்காடி அடுக்கில் நூற்றுக்கணக்கான போத்தல்கள் நிற்கும். திராட்சையின் வகை, விளைந்த ஊர், அறுவடை ஆண்டு, தயாரித்தவர் என எது மாறினாலும் சுவை மாறும். வாங்குவதற்கு முன் திறந்து பார்க்கவும் முடியாது.

சரி, விலையை வைத்து முடிவு செய்யலாமா? 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 20 பேருக்கு ஒரே ஒயினை இரு வேறு விலைகள் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்று சொன்னபோது “அருமை” என்றவர்கள், அதே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது குறைவாக மதிப்பிட்டனர். அதிக விலையைக் கேட்டதும் மூளையில் இன்பத்தை உணரும் பகுதியின் செயல்பாடே கூடியிருந்தது. ஆக, விலைச்சீட்டு பணப்பையை மட்டுமல்ல, நாக்கையும் ஆட்டிவைக்கிறது.

வழக்கறிஞர் கொடுத்த மதிப்பெண்

இந்தக் குழப்பத்துக்கு விடை சொல்ல முன்வந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ராபர்ட் பார்க்கர். 1967ஆம் ஆண்டில் காதலியைப் பார்க்க பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குச் சென்ற அவருக்கு, ஒயின் அங்குதான் அறிமுகமானது. ஊர் திரும்பி வழக்கறிஞரானார். ஆனாலும் ஒயின் மீதான ஆர்வம் விடவில்லை.

அந்நாளில் ஒயினைப் பற்றி எழுதிய பலர், அதை விற்பவர்களோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புடையவர்கள். பயனீட்டாளர் பக்கம் நின்று பேச ஆள் வேண்டும் என்று கருதிய பார்க்கர், 1978ஆம் ஆண்டில் ஒரு செய்திமடலைத் தொடங்கினார். அதில் விளம்பரம் கிடையாது. சந்தா கட்டிய வாசகர்களே அவருக்கு எசமானர்கள்.

பள்ளித் தேர்வைப் போல ஒயினுக்கு 100க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். பிரெஞ்சு மொழி அறியாதவருக்கும் 92 என்ற எண் புரிந்தது. பிரான்சின் போர்டோ பகுதியின் 1982ஆம் ஆண்டு ஒயின்களைச் சிலர் குறைத்து மதிப்பிட்டபோது, அவர் துணிந்து பாராட்டினார். அந்தக் கணிப்பு பலித்தது. அதன்பின் அவர் கொடுக்கும் 90க்கும் 89க்கும் இடையே வணிகர்களின் இலாபமே ஊசலாடும் நிலை வந்தது.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. 2012ஆம் ஆண்டு இறுதியில் பார்க்கர் தமது நிறுவனத்தின் பெரும்பகுதிப் பங்கைச் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட முதலீட்டாளர்களுக்கு விற்றார். ஆசியச் சந்தை எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதை அது காட்டியது. 2019ஆம் ஆண்டில் பார்க்கர் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு நிறுவனம் முழுவதும் உணவக வழிகாட்டி வெளியிடும் மிஷலின் கைக்குச் சென்றது.

கடைக்காரரின் மகன்

அடுத்தவர் கேரி வேய்னர்சக். பெலருஸ் நாட்டில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். தந்தை நியூ ஜெர்சியில் மதுக்கடை நடத்தினார். அங்கு மது அருந்தும் சட்டப்படியான வயது 21. அதற்குமுன் ஒயினைக் குடிக்க முடியாத இளைஞர், ஒயின் ஏடுகளில் வரும் வருணனைகளைப் புரிந்துகொள்ள மண், புல், புகையிலை போன்றவற்றை வாயிலிட்டுச் சுவைத்துப் பழகியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார்.

1990களின் பிற்பகுதியில் கடையை இணையத்துக்குக் கொண்டுசென்றார். ஆண்டு விற்பனை ஏறத்தாழ 3 மில்லியன் டாலரிலிருந்து 60 மில்லியன் டாலருக்கு உயர்ந்தது. 2006ஆம் ஆண்டில் தினமும் ஒயினைச் சுவைத்துக் கருத்துச் சொல்லும் இணையக் காணொளி நிகழ்ச்சியைத் தொடங்கி, 2011ஆம் ஆண்டுவரை 1,000 அங்கங்களை வழங்கினார். தம் கடை அடுக்கில் இருக்கும் ஒயினே பிடிக்கவில்லை என்றால் அதையும் கேமரா முன் சொன்னார். ஒரு போத்தல் விற்காமல் போகலாம்; ஆனால் அடுத்த நூறு போத்தல்களுக்கு அவர் சொல் செல்லுபடியாகும். இதுதான் அந்த வணிகத்தின் சூட்சுமம்.

கைத்தொலைபேசியில் கருத்துக் கணிப்பு

மூன்றாவது மாற்றம் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஹெய்னி சக்காரியாசன் பரோ தீவுகளைச் சேர்ந்தவர். 1992ஆம் ஆண்டுவரை அங்கு ஒயின் விற்கும் கடையே கிடையாது. ஒயினைப் பற்றி அதிகம் அறியாத அவர், கடை அடுக்கின் முன் தாம் பட்ட திண்டாட்டத்தையே தொழிலாக்கினார். நண்பர் தெய்ஸ் சொண்டர்கார்டுடன் 2010ஆம் ஆண்டில் விவினோ என்ற செயலியைத் தொடங்கினார்.

போத்தலில் ஒட்டியுள்ள சீட்டைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்தால், மற்றவர்கள் அந்த ஒயினுக்கு 5 நட்சத்திரங்களில் எத்தனை கொடுத்தார்கள் என்பது தெரியும். ஒரு நிபுணரின் நாக்குக்குப் பதில் பல ஆயிரம் பேரின் நாக்கு. 2021ஆம் ஆண்டில் இந்நிறுவனம் 155 மில்லியன் டாலர் முதலீடு திரட்டியபோது, அதன் பயனீட்டாளர் எண்ணிக்கை சுமார் 50 மில்லியன்.

இத்தகைய செயலிகள் ஒருவரின் தனிப்பட்ட சுவையையும் கணிக்க முயல்கின்றன. இரண்டு பேர் ஒரே நான்கு ஒயின்களை விரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஐந்தாவதாக ஒன்றையும் விரும்பியிருந்தால், அதை இரண்டாமவருக்கும் கணினி எடுத்துக்காட்டும். இணையத்தில் திரைப்படத்தையும் புத்தகத்தையும் பரிந்துரைப்பதும் இதே முறைதான்.

குறை எங்கே?

நிபுணரும் தவறலாம். அமெரிக்காவில் ஒயின் தயாரிப்பாளரும் ஓய்வுபெற்ற பேராசிரியருமான ராபர்ட் ஹாட்சன், கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களை 2005ஆம் ஆண்டு முதல் சோதித்துப் பார்த்தார். ஒரே போத்தலிலிருந்து மூன்று கிண்ணங்களில் ஊற்றி, சொல்லாமல் கொடுத்தார். ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்றுக்கும் நெருக்கமான மதிப்பெண் கொடுத்தார்.

கூட்டமும் தவறலாம். விலை தெரிந்தே நட்சத்திரம் கொடுப்பவர்கள் விலையின் மயக்கத்துக்கு ஆளாகிறார்கள். சராசரி என்பது பலருக்கும் ஓரளவு பிடித்ததைத்தான் காட்டும். ஒருவருக்கு மிகவும் பிடித்ததைக் காட்டாது.

இதைவிட முக்கியமான கேள்வி, பரிந்துரைப்பவருக்குப் படியளப்பது யார் என்பது. பார்க்கருக்கு வாசகரின் சந்தா. வேய்னர்சக்குக்குக் கடையின் இலாபம். விவினோவுக்கு, அதன் வழியாக விற்கும் வணிகர்களிடமிருந்து கிடைக்கும் வருமானம். மூன்றுமே நேர்மையான வழிகள்தான். ஆனால், எந்த வழியில் பணம் வருகிறது என்பது தெரிந்தால்தான், சொல்லப்படும் ஆலோசனையை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய முடியும்.

சொல் இருந்தால் சுவை பிடிபடும்

தன் சுவையைத் தானே அறிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபல் 1984ஆம் ஆண்டில் ஒயின் மணங்களை ஒரு சக்கர வடிவில் வகைப்படுத்தியது இதற்காகத்தான். “நன்றாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லாமல், எலுமிச்சையா, மிளகா, ஈரமண்ணா என்று குறிப்பாகச் சொல்ல அது கற்றுக்கொடுத்தது.

தமிழருக்கு அறுசுவை புதிதல்ல. சிவப்பு ஒயினில் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் தன்மை, கடும் தேநீரிலும் பாக்கிலும் உள்ள அதே துவர்ப்பு. காரமான கறியோடு துவர்ப்பும் போதையும் மிகுந்த ஒயினைக் குடித்தால் எரிச்சல் கூடும். போதை குறைந்த, லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் காரத்தைத் தணிக்கும். இதை அறிந்தவருக்கு 95 மதிப்பெண் பெற்ற போத்தல் தேவைப்படாமலே போகலாம்.

இன்று உணவகம், துணைப்பாட நிலையம், மருந்தகம் என எல்லாவற்றுக்கும் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. ஒயினைத் தொடாதவர்களும் தினமும் யாரோ ஒருவரின் பரிந்துரையை நம்பித்தான் பணம் செலவழிக்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: சொல்பவர் உண்மையில் பயன்படுத்திப் பார்த்தாரா? அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அவருடைய தேவையும் வாங்குபவரின் தேவையும் ஒன்றா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு நட்சத்திரங்களை எண்ணினால் போதும்.