தொண்டையில் சிக்கின முள்



தொண்டையில் மீன்முள் சிக்கினால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெறுஞ்சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கச் சொல்லுவார்கள், இல்லாவிட்டால் வாழைப்பழம். அநேகமாய் முள் இறங்கிவிடும். இறங்காத முள்ளைப்பற்றியே இம்முறை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல, படுக்கையருகே உட்காருகிறவன். வைத்தியர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதையே சொல்லுகிறேன்.

உணவுக்குழாய் முதுகெலும்புக்கு நேர்முன்னால் இறங்குகிறது. நடுவே மெல்லிய சவ்வுகள் மாத்திரமே உண்டு. குடலுக்கு இருப்பதுபோன்ற வெளியுறை இந்தக் குழாய்க்கு இல்லை. முன்பற்களிலிருந்து சுமார் 15 செ.மீ. கீழே, கழுத்தில், அது மிகவும் குறுகலாயிருக்கிறது. கூரான பொருள் அங்கே தங்கியிருக்கும்போது மேலிருந்து சோற்றுருண்டை அழுத்தினால், முள் சுவரைத் துளைத்துவிடக்கூடும். வாயிலுள்ள கிருமிகள் அந்தத் துளை வழியாய்ப் பின்னே சென்று சீழ் வைக்கும். சீழ் முள்ளெலும்புகளையும் அவற்றின் நடுவேயுள்ள வட்டுகளையும் அரிக்கும். தண்டுவடத்தைச் சுற்றிச் சேர்ந்தால் கைகால்கள் விழுந்துபோகும். இப்படி நேரிடுவது அபூர்வம்தான். ஆனால் நேரிட்டால் கொடியது.

இதில் ஏமாற்றுவது காலம். இரண்டு மூன்று நாளில் தொண்டைவலி குறைந்துவிடும். சில வாரங்கள் கழித்துக் கழுத்து வலிக்கும், காய்ச்சல் வரும். சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்ப்பார்கள். அதற்குள் முள்ளே வயிற்றில் இறங்கிப் போயிருக்கலாம். இருந்தாலும் பல மீன்முட்கள் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை, சி.டி. ஸ்கேன் வேண்டும். சீழ் எதுவரை பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

கத்தோலிக்க சபையார் பிப்ரவரி 3-ல் புனித பிளேசியாரை நினைத்து, இரண்டு மெழுகுவர்த்திகளைத் தொண்டையருகே பிடித்து ஆசீர்வதிப்பார்கள். முள் சிக்கி மூச்சுத் திணறிய ஒரு பையனை அவர் காப்பாற்றினார் என்பது பாரம்பரியம். மனுஷர் இதற்குப் பயந்தது இன்று நேற்றல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் (1865-1958) என்ற வைத்தியர், விளக்கு பொருத்திய குழாயை உள்ளே விட்டு இப்படிப்பட்ட பொருட்களை எடுத்தார். அவர் சேகரித்த 2,374 பொருட்கள் அவ்வூர் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஊக்குகளும் அநேகம். சேலை கட்டும்போது ஊக்கைப் பல்லில் கடித்துக்கொள்ளும் சகோதரிகள் இதைக் கவனிக்கவும். பல்செட் அணிந்த பெரியோருக்கு மேலண்ணம் மூடியிருப்பதால் வாயில் முள் இருப்பதே தெரியாமற்போகலாம்.

உணவுக்குழாயில் கூரான பொருள் சிக்கினால் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தார் 2016-ல் நெறி வகுத்தார்கள். இராச்சாப்பாட்டில் முள் சிக்கின கொட்டச்சேட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். சேலம் போக, ஏற்காடு வந்து 20 கொண்டையூசி வளைவுகள் இறங்கவேண்டும். அல்லது குப்பனூர் வழி. மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. விடியட்டும் என்று காத்திருப்பவரை நான் குற்றஞ்சொல்லமாட்டேன். ஆனால் சோற்றுருண்டை வேண்டாம். எச்சில் விழுங்கமுடியாமலோ, கழுத்து வீங்கியோ, காய்ச்சலோ இருந்தால் விடியும்வரை பொறுக்கவும் வேண்டாம். பின்னாளில் கழுத்துவலி என்று வைத்தியரிடம் போனாலும், முன்பு முள் சிக்கினதைத் தாமாகவே சொல்லவேண்டும். அவர் கேட்க மறக்கலாம்.

எலும்புவரை சீழ் போய்விட்டால் சுமார் 6 வாரம் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஊசியாய். கைகால் பலவீனப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். தோட்டத்தில் காப்பிப்பழம் பறிக்கிறவருக்கு அது 6 வாரக் கூலி.