ஏரியைப் பிளந்த மலை

கவாகுச்சி ஏரிக்கரையில் பேருந்தை விட்டு இறங்கியபோது ஃபூஜி இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. கோடையில் இது வழக்கமாம். 3,776 மீட்டர் உயரமுள்ள மலை முழுசாக மறைந்துவிடும். இந்த ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் மலை எழும்பி நிற்கும் கோணம் பிரபலமாகி, படமெடுக்க வரும் கூட்டம் தாங்காமல் 2024-இல் நகராட்சியே கறுப்புத் திரை கட்டி மறைத்தது. அன்று மேகமே அந்த வேலையைச் செய்தது. காத்திருந்தவர்களை விட்டுவிட்டு, மேற்கே போகும் பேருந்தில் ஏறினேன். இந்த மலையின் கதையில் பாதியையாவது ஏரிகளிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வடக்கு அடிவாரத்தில் யாமானாகா, கவாகுச்சி, சாய், ஷோஜி, மோட்டோசு என ஐந்து ஏரிகள். இவற்றில் சாயும் ஷோஜியும் ஒரு காலத்தில் ஒரே ஏரி, பெயர் சே. கி.பி. 864-இல் மலையின் வடமேற்குச் சரிவு பிளந்து, எரிமலைக் குழம்பு அதில் இறங்கியது. நீர் கொதித்தது, மீனும் ஆமையும் செத்தன, வீடுகள் புதைந்தன என்கிறது அக்கால அரசவைக் குறிப்பு. பெரும்பகுதி தூர்ந்துபோய், எஞ்சிய இரண்டு ஓரங்கள்தான் இன்றைய சாய், ஷோஜி.

அரசவை குறி கேட்டது. தெற்கே சுருகா நாட்டு அசாமா கோயில் பூசாரிகள் கடமையில் தவறியதுதான் காரணம் என்று பதில் வந்தது. எரிமலை வெடித்ததற்குப் பூசாரிகள்மேல் பழி விழுந்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை! மறு ஆண்டே வடக்குப் பக்கமும் அதே தெய்வத்துக்குக் கோயில் எழுந்தது. ஃபூஜி பக்தியின் வேரில் அழகைவிட அச்சமே அதிகம். பின்னாளில் மலையேறிய பக்தர்கள் ஏரிகளையும் சுற்றி நீராடினார்கள். 2013-இல் யுனெஸ்கோ ஃபூஜியைப் பண்பாட்டுச் சின்னமாகப் பட்டியலிட்டபோது ஐந்து ஏரிகளும் அதில் சேர்ந்தன.

குழம்பு உறைந்த பாறைமேல் இன்று அவோகிகஹாரா காடு. வேர் இறங்க மண் இல்லாததால் மரங்கள் பாசி படர்ந்த பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. காட்டுக்கு இரு புறமும் உள்ள சாய், ஷோஜி, மோட்டோசு மூன்றின் நீர்மட்டமும் ஏறத்தாழ ஒன்றே, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர். பாறைக்கு அடியில் நீர் இன்னும் போய்வருகிறது என்கிறார்கள்.

சாய் ஏரியில் இன்னொரு விசேஷம் உண்டு. அகிதா மாநிலத்தின் தசாவா ஏரியில் மட்டுமே இருந்த குனிமாசு மீன், 1940-இல் அமில ஆற்று நீரை அங்கே திருப்பிவிட்டதில் அழிந்துபோனது. ஆனால் 1935-இலேயே அதன் முட்டைகளில் கொஞ்சம் இங்கே வந்திருந்தது. 2010-இல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு சொல்லும்வரை, உள்ளூர்க்காரர்கள் அதை வேறொரு மீனின் கறுத்த வகை என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தசாவாவின் நீரோ இன்னும் அந்த மீனுக்கு ஏற்றதாகவில்லை.

(தொடரும்)