நாய், பூனைக்கும் அக்குபஞ்சர்: வலி குறையுமா, நேரம்தான் வீணாகுமா?

நேற்று வரை சோஃபாவில் தாவி ஏறிய நாய், இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. நீள முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் வகை நாய்களில் இது அடிக்கடி நடக்கும். முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். பதறிப்போய் மொபைலில் தேடினால், ‘ஆபரேஷன் வேண்டாம், அக்குபஞ்சர் போதும்’ என்கிற வீடியோக்களும் கண்ணில் படும். நம்பலாமா?

ஊசி குத்தினா வலிக்காதா?

இது மருந்து ஏற்றும் ஊசி அல்ல. முடிபோல மெல்லிய ஸ்டீல் ஊசிகளைக் குறிப்பிட்ட இடங்களில் செருகி, சுமார் 10 முதல் 30 நிமிடங்கள் விட்டு வைப்பார்கள். சில சமயம் ஊசிகள் வழியே லேசான மின்சாரம் செலுத்துவதும் உண்டு. இதற்குப் பெயர் எலெக்ட்ரோ அக்குபஞ்சர். பல நாய்கள் அமைதியாகப் படுத்துவிடும். சில பூனைகள் ஒத்துழைக்கவே செய்யாது.

உடலில் ஓடும் உயிராற்றலைச் சீராக்குகிறது என்பது சீன மரபின் விளக்கம். நரம்புகள் தூண்டப்பட்டு, எண்டார்ஃபின் போன்ற இயற்கை வலி நிவாரணிகள் சுரக்கின்றன என்பது நவீன மருத்துவம் முன்வைக்கும் விளக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரேசிலில் டிஸ்க் பாதிப்பால் நடக்க முடியாமல்போன 40 நாய்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. எலெக்ட்ரோ அக்குபஞ்சர் மட்டும் பெற்ற 19 நாய்களில் 15 தேறின. ஆபரேஷன் மட்டும் செய்யப்பட்ட 10-ல் தேறியவை 4.

அப்போ அக்குபஞ்சர்தான் பெஸ்ட்டா? அவசரப்பட வேண்டாம். எண்ணிக்கை மிகக் குறைவு. ஆபரேஷன் செய்த நாய்களின் விவரம் பழைய மருத்துவப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. எந்த நாய்க்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. தவிர, இவை பாதிப்பு வந்து 48 மணி நேரத்தைத் தாண்டிய நாய்கள்.

அதற்கு முன், 2006-ல் பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய ஒரு தொகுப்பு, விலங்குகளுக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கவோ நிராகரிக்கவோ வலுவான ஆதாரம் இல்லை என்றது.

‘என் நாய் நல்லா நடக்குதே!’

இதிலும் ஒரு சிக்கல். தனக்கு வலி குறைந்ததா என்று நாய் வாயால் சொல்லாது. நாம் பார்த்துச் சொல்கிறோம். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூட்டுவலி நாய்களுக்கு மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை தரப்பட்டபோதும், முன்னேற்றம் தெரிவதாக வளர்ப்பவர்கள் பலர் சொன்னார்கள். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல.

யாருக்குப் பயன்படலாம்?

வயதான நாய்க்கு மூட்டுவலி, சிறுநீரகமும் பலவீனம். வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. இதுபோன்ற நிலையில் எடைக் குறைப்பு, பிசியோதெரபியுடன் துணைச் சிகிச்சையாகச் சில மருத்துவர்கள் அக்குபஞ்சரைச் சேர்க்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை என 4 முதல் 6 வாரங்கள் செய்து பார்ப்பது வழக்கம். அதற்கு முன்பும் பின்பும் நாய் படியேறுவதை வீடியோ எடுத்து ஒப்பிட்டால், பலன் இருக்கிறதா என்பது ஓரளவு தெரியும்.

எதைச் செய்யவே கூடாது?

* திடீரெனப் பின்னங்கால் செயலிழந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணர்வில்லை என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

* மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

* ரத்தம் உறையாத பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டியோ தோல் தொற்றோ உள்ள இடத்தில் ஊசி குத்தக் கூடாது.

* ஊசி போடுபவர் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரா என்று கேளுங்கள். இந்தியாவில் 1984-ம் ஆண்டின் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்களே விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். மனிதர்களுக்கு அக்குபஞ்சர் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது.

என்ன நோய் என்று தெரிந்த பிறகு அக்குபஞ்சரை யோசிக்கலாம். அது தெரிவதற்கு முன்பே ஊசியை நம்பி நாட்களைக் கடத்தினால், திரும்ப நடந்திருக்க வேண்டிய நாய் நடக்காமலேயே போகலாம்.