மூடிய கதவுகளின் முன்னே இரண்டு ஆண்டுகள்



இயேசு தம் சீடரைப் பணிக்கு அனுப்பியபோது அவர்களைத் தனித்தனியாக அனுப்பவில்லை. இருவர் இருவராகவே அனுப்பினார் என மாற்கு நற்செய்தி (6:7) கூறுகின்றது. இந்தப் பகுதியை நாம் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கின்றோம். நம் திருச்சபைக்கு வெளியே, அந்த ஒழுங்கைச் சிறிதும் விட்டுக்கொடுக்காது பற்றிப் பிடித்திருக்கும் இளைஞர் கூட்டமொன்று உண்டு. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மார்பிலே கறுப்புநிறப் பெயர்ப்பட்டி. கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம் உறவுகளிற் பலர் இந்தப் பிள்ளைகளைத் தம் வீட்டு வாசலிற் கண்டிருப்பர். மோர்மன்கள் என்று உலகம் அவர்களை அழைக்கின்றது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயராலேயே தம்மை அழைக்குமாறு அச்சபையின் தலைமை 2018ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இச்சபை 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யோசேப்பு ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. திருவிவிலியத்தோடு மோர்மன் புத்தகம் என்னும் நூலையும் அவர்கள் இறைவார்த்தையாகக் கொள்கின்றனர். தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் பெயர்களைச் சொல்லியே திருமுழுக்கு வழங்குகின்றனர். ஆயினும் அப்பெயர்களால் அவர்கள் விளங்கிக்கொள்வது நாம் விசுவசிக்கும் மூவொரு இறைவனை அன்று. எனவேதான் அவர்களுடைய திருமுழுக்குச் செல்லுபடியாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. ஒரே விசுவாசம், வேறு கோயில் என்று இதனை எண்ணிவிடக் கூடாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டே அந்த இளைஞரின் வாழ்வை இங்கு நோக்குகின்றோம். அதிலே நம் குடும்பங்களைத் தொடுகின்ற செய்தியொன்று இருக்கின்றது.

அச்சபையில் உடல்நலமுள்ள ஒவ்வோர் இளைஞனும் இரண்டு ஆண்டுகளை மறைபரப்புக்குக் கொடுக்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றான். பெண்களுக்கு அது கடமையன்று. விரும்புவோர் 18 மாதங்கள் செல்கின்றனர். 2012ஆம் ஆண்டுவரை 19 வயதிலே புறப்பட்ட ஆண்கள் அதன்பின் 18 வயதிலேயே புறப்படலாயினர். இன்று உலகெங்கும் 70,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு பணியில் இருக்கின்றனர். எங்கே போவதென்று எவரும் தாமாகத் தெரிவு செய்வதில்லை. விண்ணப்பம் அனுப்பப்படும், சில வாரங்களில் சபைத் தலைவரின் ஒப்பத்தோடு அழைப்புக் கடிதம் வரும். முன்னர் அது தபாலில் வந்தது, இப்போது கணினியில் வருகின்றது. பாட்டன், பாட்டி, மாமன், மாமி, அயலவர் என எல்லோரும் கூடியிருக்க, பிள்ளை அதனை உரத்து வாசிப்பான். பிரேசில் என்றும் இருக்கலாம், அடுத்த மாநிலம் என்றும் இருக்கலாம், யப்பான் என்றும் இருக்கலாம்.

செலவை எவர் தருகின்றார்? சபை சம்பளம் கொடுப்பதில்லை. பிள்ளையும் குடும்பமுமே கட்டுகின்றனர். அமெரிக்காவிலிருந்து செல்வோருக்கு அது மாதம் 400 டொலராக இருந்து, 2020 யூலையில் 500 டொலராக உயர்ந்தது. செலவு மிக்க நாட்டுக்குச் சென்றாலும் குறைந்த நாட்டுக்குச் சென்றாலும் தொகை ஒன்றே. சிறுவயதிலேயே உண்டியலில் இதற்கெனக் காசு சேர்க்கும் வழக்கம் அக்குடும்பங்களில் உண்டு. நம் வீடுகளிலும் வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் நேர்த்திக்காசு சேர்க்கின்றோமல்லவா, அதுபோல.

யப்பானுக்கு அழைக்கப்பட்ட ஒருவனை எடுத்துக்கொள்வோம். முதலில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மொழி பயில்வான். இரண்டு மாதத்தில் கற்கும் யப்பானிய மொழி எவ்வளவு இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். வணக்கம் சொல்லலாம், தன்னை அறிமுகப்படுத்தலாம், ஒரு சிறு செபம் சொல்லலாம். எதிரே இருப்பவர் பதில் சொல்லத் தொடங்கியதும் ஒன்றும் புரியாது. நம் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கும் இதுவே நேர்ந்தது. 1549 ஆகஸ்ட் 15ஆம் நாள் ககோசிமாவில் இறங்கிய அவர், மக்கள் தம்மைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்கத் தாமோ அவர்கள் நடுவே சிலைபோல நின்றதாக எழுதியிருக்கின்றார். அவர் அந்நாட்டில் இருந்ததும் இரண்டேகால் ஆண்டுகள் மட்டுமே.

அவனுடைய நாள் காலை 6.30க்குத் தொடங்குகின்றது. அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், காலையுணவு. எட்டு மணிக்குத் தனிப்பட்ட வேதவாசிப்பு. ஒன்பது மணிக்குத் தோழனோடு சேர்ந்து படிப்பு. அதன்பின் மொழிப் பயிற்சி. பின்னர் தலைக்கவசம் அணிந்து சைக்கிளில் ஏறினால் இரவு ஒன்பது மணியளவிலேயே திரும்புவான். அடுத்த நாளுக்குத் திட்டமிட்டு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டிலிருந்து அந்தந்த நாட்டின் வழமைக்கேற்ப இந்நேரங்களில் சிறிது தளர்வு அனுமதிக்கப்பட்டுள்ளது. குருமடத்தில் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, மணியோசைக்குப் படுத்துப் பழகியவர்களுக்கு இந்த அட்டவணை புதிதாகத் தோன்றாது. ஆனால் குருமடத்துக்குச் சுற்றுமதில் உண்டு. இவனுக்கு அது இல்லை. கடைத்தெருவும் திரைப்பட அரங்கும் ஒத்த வயதுப் பெண்பிள்ளைகளும் சூழ்ந்த பெருநகரின் நடுவே, தொலைக்காட்சி இல்லை, திரைப்படம் இல்லை, காதல் இல்லை என்ற விதியை அவன் தானே சுமந்து திரிய வேண்டும். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் முடிவெட்டவும் சாமான் வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் விடப்படுகின்றது.

பகல் முழுவதும் என்ன நடக்கின்றது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. யப்பானில் கிறிஸ்தவர்கள் எல்லாப் பிரிவினரையும் சேர்த்தாலும் ஏறத்தாழ ஒரு விழுக்காடே. தொடர்மாடி வீடுகளில் கதவைத் தட்டுவதற்குக்கூட இடமில்லை; வாயிலில் பொருத்தியிருக்கும் பேசுகருவியின் பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து ஒரு குரல் வரும். "கெக்கோ தெசு." போதும், வேண்டாம் என்று பொருள். அந்நாட்டவர் எவரையும் கடிந்து விரட்டுவதில்லை. மிகப் பணிவாக மறுப்பார்கள். அடுத்த வீடு, அடுத்த மாடி, அடுத்த தெரு. மழைக்காலத்தில் நனைந்தும், பனிக்காலத்தில் விறைத்தும், புகையிரத நிலையத்தருகே நின்று வருவோர் போவோருக்கு வணக்கம் சொல்லியும் மாதங்கள் கழிகின்றன. சபைக் கட்டடத்தில் வாரந்தோறும் இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கின்றனர். அதற்குச் சிலர் வருவர். ஆங்கிலத்துக்கு வந்தவர்கள் ஆங்கிலத்தோடு போய்விடுவதும் உண்டு.

அபூர்வமாக ஒரு மூதாட்டி கதவைத் திறந்து, வெயிலில் வந்த பிள்ளைகளே என்று இரங்கி உள்ளே அழைத்துத் தேநீர் வைப்பார். அங்கேதான் சங்கடம் தொடங்குகின்றது. 1833ஆம் ஆண்டில் யோசேப்பு ஸ்மித் அறிவித்த ஒழுங்கின்படி தேநீர், கோப்பி, மது, புகையிலை எதையும் அவர்கள் தொடுவதில்லை. யப்பானியரின் பச்சைத் தேநீரும் அதில் அடங்கும். தேநீரை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது போன்றது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதற்காகவே அவர்கள் முதலிற் கற்கும் சொற்களுள் ஒன்று "முகிச்சா". வாற்கோதுமையை வறுத்து ஊறவைத்த பானம் அது, தேயிலை சேராதது. அது கிடைத்தால் இரு தரப்புக்கும் மனநிறைவு.

ஆயினும் மூடிய கதவுகளைவிடக் கடினமானது ஒன்றுண்டு. அது தோழன். இருவர் இருவர் என்ற ஒழுங்கு அங்கே மிகக் கண்டிப்பானது: ஒருவர் மற்றவரின் பார்வைக்கும் கேள்விக்கும் எட்டும் தொலைவில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரே அறையில் உறக்கம், ஒரே மேசையில் உணவு. குளியலறைக்குள் இருக்கும் சில நிமிடங்களே அவனுக்குத் தனிமை. இந்தத் தோழனையும் அவன் தெரிவு செய்யவில்லை, பணித்தலைவர் நியமிக்கின்றார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். சிலவேளை தோழன் மாறுவான், சிலவேளை மாறமாட்டான். ஒருவன் பேசிக்கொண்டே இருப்பான், மற்றவன் மௌனி. ஒருவன் பாத்திரம் கழுவுவான், மற்றவன் கழுவமாட்டான். இறையியற் சிக்கல்களால் உடைந்த நட்புகளைவிடக் கழுவாத பாத்திரங்களால் உடைந்தவையே உலகில் அதிகம் என்பது என் எண்ணம். இல்லறத்தாருக்கு இது நன்கு தெரியும். கன்னியர் மடங்களில் வாழ்வோரும் மறுக்கமாட்டார்கள். ஆண்டவர் சீடரை இருவராக அனுப்பியதை நாம் ஆறுதல் என்றே விளங்கிக்கொள்கின்றோம். போதிக்கச் செல்லும் அன்பு முதலில் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவனிடம் சோதிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கலாம்.

வீட்டு ஏக்கம் தனியானதொரு சிலுவை. 2019 பெப்ரவரிவரை பெற்றோரோடு தொலைபேசியில் உரையாட ஆண்டில் இரண்டே நாட்கள்தான் இருந்தன: கிறிஸ்து பிறப்பு விழா, அன்னையர் தினம். மற்ற நாட்களில் வாரமொரு கடிதம் அல்லது மின்னஞ்சல். இப்போது வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றியிருக்கின்றனர். எத்தனை தாய்மார் அந்த அறிவிப்பைக் கேட்டு அழுதிருப்பர்!

இவ்வளவுக்கும் பயன் என்ன என்று வாசகர் கேட்கலாம். யப்பானில் அச்சபையின் தொடக்கமே இதற்குப் பதிலாக அமைகின்றது. 1901 ஆகஸ்ட் மாதத்தில் ஹீபர் கிரான்ட் என்பவர் மூன்று தோழரோடு யோக்கொகாமா துறைமுகத்தில் இறங்கினார். அவர்களுள் இளையவரான அல்மா ரெய்லருக்கு வயது 19. அவர் 1910வரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி, மோர்மன் புத்தகத்தை யப்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1909இல் வெளிவந்தது. 23 ஆண்டுகள் பணி நடந்தது. அக்காலம் முழுவதிலும் அவர்களிடம் திருமுழுக்குப் பெற்றோர் 166 பேர். 1924ஆம் ஆண்டில் அப்பணி மூடப்பட்டது. மூடும்படி தீர்மானித்தவர் வேறு யாருமல்லர். அதனைத் தொடங்கி வைத்த அதே ஹீபர் கிரான்ட். அப்போது அவர் முழுச் சபைக்கும் தலைவராகியிருந்தார். தன் கையால் நட்டதைத் தன் கையாலேயே பிடுங்க நேர்ந்தவரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்! போருக்குப் பின்னர் 1948இல் மீண்டும் சென்றார்கள்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றேன். இரண்டு ஆண்டுகளை நிறைவுசெய்து வருபவனை விமான நிலையத்தில் வரவேற்கப் பெரிய பதாகையோடும் பலூன்களோடும் உறவினர் திரளுவர். ஆனால் நான்காம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோ நோயினாலும் மனச்சோர்வினாலும், சிலவேளை விசுவாசமே தளர்ந்ததினாலும் திரும்பி வருபவர்களும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பதாகை இல்லை. கோயிலில் மற்றவர்கள் என்ன கேட்பது என்று தெரியாமல் விலகி நிற்பர். தாய் தந்தையர் அயலவருக்கு விளக்கம் சொல்லி அலுப்பர். பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நாடு திரும்ப நேர்ந்தபோது அது எவருக்கும் வெட்கமாகப்படவில்லை. தனியாகத் திரும்புவதே சுமையாகின்றது. இந்த நோவை அச்சபையினரே இப்போது வெளிப்படையாகப் பேசுகின்றனர். உடலாலோ மனத்தாலோ இயலாத இளைஞர் வீட்டில் இருந்தவாறே தொண்டாற்றும் வழியையும் திறந்திருக்கின்றனர்.

நம் பங்குகளில் நிலைமை வேறா? குருமடத்துக்குப் பிள்ளை போகும்போது ஊரே கூடி வழியனுப்புகின்றது. திருப்பலி, மாலை, விருந்து, நிழற்படம். தேர்ந்து தெளியும் காலமே குருமடம் என்பதை மறந்துவிடுகின்றோம், அங்கு செல்வோர் எல்லோரும் குருவாவதில்லை, ஆகவேண்டியதுமில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் பெட்டியோடு படலையைத் திறந்து வருபவனுக்கு, "குருவாகப் படிக்கப் போய்த் திரும்பினவன்" என்ற பட்டம் திருமண வயதிலும் நீங்குவதில்லை. கன்னியர் மடத்திலிருந்து திரும்பும் பெண்பிள்ளையின் நிலை இன்னும் கொடிது. பெண் பார்க்க வருகின்றவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்கின்றார்கள். தெளிந்த மனச்சான்றோடு திரும்பி வந்த ஒருவன், இந்தச் சொல்லுக்கு அஞ்சி ஞாயிறு திருப்பலிக்கு அடுத்த பங்குக்குப் போவதை நான் கண்டிருக்கின்றேன். அவனை அழைத்துப் பேசிய பெரியவர் ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

திருத்தூதர் காலத்திலும் இப்படித் திரும்பி வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். மாற்கு எனப்பட்ட யோவான் அவர். பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்டவர், பம்பிலியா நாட்டுப் பெருகை நகரில் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பினார் (திப 13:13). ஏன் திரும்பினார் என்று லூக்கா எழுதவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரையும் கூட்டிச் செல்லப் பர்னபா விரும்பியபோது, பாதியில் விட்டுப்போனவர் வேண்டாம் எனப் பவுல் மறுத்தார். வாக்குவாதம் முற்றி, அந்த இருவர் கூட்டே பிரிந்தது (திப 15:37-39). பவுல் சீலாவோடு போனார். பர்னபாவோ மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். மாற்கு அவருக்கு உறவினர். ஆயினும் அது மட்டுமே காரணமாக இருந்திருக்காது.

பல ஆண்டுகளின் பின்னர், உரோமையில் விலங்கிடப்பட்டுத் தனிமையில் இருந்த முதிய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகின்றார். தேமா தம்மை விட்டுப் போய்விட்டதையும், லூக்கா மட்டுமே உடனிருப்பதையும் சொல்லி, வரும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படியும், அவர் தம் பணிக்குப் பயன்படுவார் என்றும் கேட்டுக்கொள்கின்றார் (2 திமொ 4:10-11). அடுத்த வரிகளில், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த போர்வையையும் எடுத்துவரச் சொல்கின்றார்.