வீட்டுக்குள்ளேயே கொல்லும் வெப்பம்

2003 ஆகஸ்டில் வீசிய வெப்ப அலை பிரான்சில் ஏறத்தாழ 15,000 உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். வெயிலில் நின்று வேலை செய்தவர்கள் அல்லர். வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் இருந்தவர்கள். பாரிஸில் கூரைக்கு நேர் கீழே மேல்மாடி அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஊரே விடுமுறைக்குக் கிளம்பியிருந்த மாதம் அது. உரிமை கோரி யாரும் வராத 57 உடல்களை செப்டம்பர் 3 அன்று அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் ழாக் ஷிராக் நேரில் வந்து நின்றார்.

2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே கதைதான். வெப்பத்தால் இறந்த 619 பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் கட்டடங்களுக்கு உள்ளேதான் பாதிக்கப்பட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள்.

உடல் எச்சரிப்பதில்லை

வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது. சூடேறிய உடலைத் தணிக்கத் தோலுக்குக் கூடுதல் ரத்தம் போக வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு அது பெரும் சுமை. தாக உணர்வும் மங்கிவிடும். “எனக்குத் தாகமே இல்லை” என்று பாட்டி சொன்னால் அது உண்மைதான். ஆனால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை, சில மனநல மருந்துகள் ஆகியவையும் நிலைமையை மோசமாக்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதவைத் தட்டும் கை

1995இல் சிகாகோவில் வெப்பத்தால் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது, தனியாக வாழும் முதியோரை நகர நிர்வாகம் வீடு தேடிச் சென்று பார்த்தது. இறப்பு வெகுவாகக் குறைந்தது. பிரான்சிலும் 2003க்குப் பிறகு, தனித்து வாழும் முதியோரின் பட்டியலை உள்ளாட்சி அமைப்புகள் வைத்திருந்து வெப்ப நாட்களில் விசாரிக்கின்றன. என் பார்வையில் குளிரூட்டிக்கு முன்பே தேவைப்படுவது இந்த விசாரிப்புதான்.

என்ன கவனிக்க வேண்டும்

காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி அனலைத்தான் உடல்மேல் வீசும். ஈரத்துணியால் உடலைத் துடைப்பது நல்லது. பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ, தோல் அனலாய்க் கொதித்தாலோ காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.