கிலோவுக்கு லைசென்ஸ், கிலோவுக்குச் சிறை: தெரியுமா?

விருதுநகர் மாவட்டத்துக்கும் கஞ்சாவைத் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கும் ஒரே வயது, தெரியுமா? பழைய ராமநாதபுரத்திலிருந்து மாவட்டம் பிரிந்தது 1985 மார்ச் 15-ல். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது அதே 1985 நவம்பர் 14-ல்! அதுவரை கஞ்சா விஷயத்தில் ஒவ்வொரு மாகாணமும், பிறகு மாநிலமும், பெரும்பாலும் தன் இஷ்டப்படி தடுத்தது, அல்லது உரிமம் கொடுத்து வரி வாங்கியது. சென்னை மாகாணம் 1937-லேயே மதுவிலக்குச் சட்டத்துக்குள் போதைச் சரக்குகளையும் சேர்த்துவிட்டது.

அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. செடியின் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது! அதனால்தான் ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் அந்த இலையில் செய்யும் பாங்கு விற்க, அரசு உரிமம் பெற்ற கடை பகிரங்கமாக நடக்கிறது. அதே செடியின் பூ ஒரு பொட்டலம் இங்கே ஒரு இளைஞன் சட்டைப்பையில் இருந்தால் வழக்கு. 1 கிலோ வரை ‘சிறிய அளவு’: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் லேசில்லை.

இப்போது அதே விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு ஊரான சிவகாசிக்கு வாருங்கள். இங்கேயும் எல்லாம் கிலோ கணக்குதான்! கொஞ்சமாகச் செய்தால் மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) லைசென்ஸ், கூடினால் மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலக லைசென்ஸ், பெரிய ஆலை என்றால் அதன் நாக்பூர் தலைமையக லைசென்ஸ். பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டியும் பீடியும் செல்போனும் வாங்கி வைக்கப்படும். மருந்து கலக்கும் அறை தனி, மணி மருந்து செலுத்தும் அறை தனி. அறைக்கு அறை இடைவெளி. ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கைதவறினால் உயிரே போகும் பொருள்! அதை நாடு தடை செய்யவில்லை. 1884-லேயே வெடிபொருள் சட்டம் போட்டு, அளந்து, பதிந்து, கண்காணிக்கிறது.

லைசென்ஸ் இருந்தால் விபத்தே வராது என்று நான் சொல்லமாட்டேன். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியதை இந்த வட்டாரம் மறக்காது. லைசென்ஸ் ஒருவர் பெயரில், ஆலை நடத்துவது இன்னொருவர் என்ற உள்குத்தகைப் புற்றுநோய் இன்னும் இருக்கிறது. ஆனாலும் லைசென்ஸ் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். போர்மேனைப் பிடிக்கலாம், உரிமத்தை ரத்து செய்யலாம், இழப்பீடு கேட்கலாம். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகப் பட்டாசுத் திரி சுற்றும் இடத்தில் யாரைக் கேட்பது? கஞ்சா மொத்தமும் இன்று அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் விற்கிறது. பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு வீரியம் என்று சொல்ல ஆளில்லை. வாங்குகிறவனுக்கு வயது பதினைந்தா, முப்பதா என்று விற்கிறவன் கேட்கப்போவதில்லை. திருட்டுச் சரக்கு என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது: மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

இன்னொன்று தெரியுமா? கஞ்சாவைத் தடுப்பதா, உரிமம் கொடுத்து அளப்பதா என்ற கேள்வியை 130 ஆண்டுகளுக்கு முன்பே அரசு விசாரித்து முடித்துவிட்டது! 1893-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையத்தில் ஏழு பேர். அதில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் அறிக்கை தந்தார்கள். அளவோடு பயன்படுத்துவதால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு, முழுத்தடை தேவையில்லை, உரிமமும் வரியும் போதும் என்பது முடிவு. அரசே ஆள்வைத்து எழுதிய அந்த அறிக்கையை 1985-ல் எடுத்துப் படித்திருந்தால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது, 27-க்கு 25 என்ற வாக்கில். ஆதரித்த 27-ல் ஒன்று இந்தியா! நாம் எதிர்த்திருந்தால் தீர்மானமே தோற்றிருக்கும். கனடா 2018-லும் ஜெர்மனி 2024-லும் பெரியவர்களுக்கு அனுமதித்தன, அளவும் வயதும் வரையறுத்து. அந்த வயது வரம்பு கட்டாயம் வேண்டும். வளரும் மூளைக்குக் கஞ்சா கெடுதல், சிலருக்கு மனநோயைத் தூண்டும். பட்டாசு அறைக்குள் போகிறவருக்குச் சொட்டு மதுவும் ஆகாது, கஞ்சாவும் ஆகாது.

இத்தனைக்கும் 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. பாங்கு, கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) மூன்றும் சேர்த்துப் பயன்படுத்துவோர் 3 கோடிக்குச் சற்று அதிகம். முன்னதை அரசே டாஸ்மாக்கில் விற்கிறது!

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது அதே 1985 சட்டத்தின் 10-வது பிரிவு. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கஞ்சா பயிரிட, வைத்திருக்க, விற்க விதிமுறை வகுத்து அனுமதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே இருக்கிறது! சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாருக்காக வளர்க்கும் போதை குறைந்த ரகத்துக்கு உத்தராகண்ட் 2018-லேயே உரிமம் கொடுத்துவிட்டது. முதல் படியாக மருத்துவப் பயிருக்கான விதிகளைத் தமிழக அரசு எழுதலாம்; அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, சென்னைக் கோட்டையில் ஓர் அரசாணை போதும்.