எந்த உயரத்து இருபது சென்டிமீட்டர்?

சுவிட்சர்லாந்தில் கிளம்பி இத்தாலியில் முடியும் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றை நடத்திக் காட்ட ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். மேட்டர்ஹார்ன் சிகரத்துக்குப் பக்கத்தில், செர்மாட் ஊருக்கு மேலேயுள்ள பனியாற்றில் கிளம்ப வேண்டும். எல்லையைத் தாண்டி செர்வீனியாப் பக்கம் இறங்க வேண்டும். 2022 இலையுதிர்காலத்தில் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு என நான்கு பந்தயங்கள் குறிக்கப்பட்டன. தடத்தில் பனி போதவில்லை என்று நான்கும் ரத்தாயின. 2023 நவம்பரில் மறுபடி நான்கு. இம்முறை பனி கொட்டித் தீர்த்தது, காற்றும் அடங்கவில்லை. எட்டில் ஒன்றுகூட நடக்காத நிலையில், அதற்கடுத்த பருவத்து அட்டவணையில் அந்தப் பந்தயத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

‘பனி பெய்யுமா?’ என்று மட்டும் கேட்டால் சறுக்குவோருக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கைபேசியில் ‘சனிக்கிழமை 20 சென்டிமீட்டர்’ என்று ஓர் எண் தெரிகிறது. அது எந்த உயரத்தில், எந்தக் காற்றில், எந்தப் பழைய பனியின் மேல் விழப்போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் உயரம். செர்மாட் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால் 3,883 மீட்டரில் உள்ள கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையம் வரை போகலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிரும் என்பது வானிலைக் கணக்கு. ஆக, ஒரே ஊரின் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 15 டிகிரி வித்தியாசம். கீழே குடை பிடித்துக்கொண்டு நடப்பவரும், மேலே முழங்கால் அளவு புதுப்பனியில் நிற்பவரும் ஒரே மேகத்தின் அடியில்தான் இருப்பார்கள்.

அதனால் மலையில் வானிலை பார்ப்பவர்கள் மழையளவைத் தேடுமுன், வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம் எது என்று பார்ப்பார்கள். விழும் பனி உடனே உருகிவிடாது; அந்த உயரத்துக்குக் கீழே இருநூறு முன்னூறு மீட்டர் வரை பனியாகவே வந்து சேரும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. குறுகலான, காற்றோட்டமில்லாத பள்ளத்தாக்கில் விடாமல் அடித்துப் பெய்தால், உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்று குளிரும், பனிக்கோடு இன்னும் பல நூறு மீட்டர் கீழே இறங்கும். மழை என்று அறிவிக்கப்பட்ட ஊர் காலையில் வெள்ளையாக விழிப்பது பெரும்பாலும் இப்படித்தான். முன்னறிவிப்பாளரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நியாயம்.

கணினிக்கும் மலை சுலபமானதல்ல. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் உலக மாதிரி, பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. அந்த அளவில் மேட்டர்ஹார்னின் 4,478 மீட்டர் உச்சி மழுங்கிப்போகும், பள்ளத்தாக்கு மேடேறிவிடும். சுவிஸ் வானிலைத் துறை சுமார் ஒரு கிலோமீட்டர் கட்டங்கள் கொண்ட மாதிரியை ஓட்டுவதற்குக் காரணமும் இதுதான். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஐம்பது தடவை கூடுதலாகவும் கணக்கிடுகிறது. ஐம்பதும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னால் நம்பிப் பெட்டி கட்டலாம். ஒன்று 5 சென்டிமீட்டர் என்றும் இன்னொன்று 60 என்றும் சொன்னால், செயலி காட்டும் அந்த ஒற்றை எண் வெறும் சராசரிதான். பத்து நாளுக்குப் பிந்தைய பனியளவைச் சென்டிமீட்டரில் சொல்லும் செயலிகளைப் பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம்.

காற்றின் திசை இன்னொரு கணக்கு. வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் பெர்ன் பகுதி மலைகளுக்கு விருந்து. உயர்ந்த சிகரங்கள் சூழ்ந்த செர்மாட்டுக்கு மிச்சம்மீதிதான் வந்து சேரும். மத்தியதரைக் கடலில் ஜெனோவா வளைகுடாப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு உருவாகித் தெற்கிலிருந்து ஈரம் ஏறினால் நிலைமை தலைகீழ். அப்போது வடசரிவில் ஃபோன் என்னும் உலர்ந்த வெப்பக்காற்று இறங்கி, இருக்கிற பனியையும் தின்றுவிடும்.

சென்டிமீட்டர் என்ற அளவே கொஞ்சம் ஏமாற்றுக்காரன். ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பொதுக்கணக்கு. கடுங்குளிரில் அதே நீர் அதைவிடக் கூடுதல் உயரத்துக்கு மெத்தென்று குவியும்; பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் பாதியாகக் கனத்து அமுங்கும். சறுக்குபவர் கனவு காண்பது முதல் வகையை. ஆனால் அடித்தளம் இன்னும் போடப்படாத பருவத் தொடக்கத்தில் கல்லையும் புல்லையும் மூடித் தடத்தைக் காப்பது இரண்டாவது வகைதான்.

அளப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில், 2,500 மீட்டருக்கு மேல், 1936 முதல் பனியை அளந்துவருகிறார்கள். அங்கே ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். சறுக்குத்தலங்கள் தாங்களே அறிவிக்கும் அளவு வேறு ரகம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பொருளாதார அறிஞர்கள் ஜொனாதன் ஜின்மன், எரிக் ஸிட்ஸெவிட்ஸ் இருவரும் வட அமெரிக்கச் சறுக்குத்தலங்களின் அறிவிப்புகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வார நாள்களைவிட வார இறுதியில் 23 சதவீதம் கூடுதல் புதுப்பனி விழுந்ததாகத் தலங்கள் சொல்லியிருந்தன. மேகத்துக்குச் சனி, ஞாயிறு தெரியாது. டிக்கெட் விற்பவருக்குத் தெரியும். பனி நிலவரத்தைச் சறுக்குபவர்களே உடனுக்குடன் எழுதும் வசதி ஐபோன் செயலியில் வந்த பிறகு இந்த மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. அதுவும் ஐபோன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் தலங்களில் கூடுதலாகக் குறைந்தது என்பதுதான் கட்டுரையின் சுவையான பகுதி.

வானம் கைவிட்டால் இயந்திரம். பனிப் பீரங்கி ஓடுமா என்பதைச் சாதாரண வெப்பமானி தீர்மானிப்பதில்லை. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலை தீர்மானிக்கிறது. அது மைனஸ் 2 அல்லது 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் பீய்ச்சும் துளிகள் உறையும். காற்று நன்றாக வறண்டிருந்தால் வெப்பமானி பூஜ்யத்தில் நிற்கும்போதும் பனி செய்யலாம். ஈரமான காற்றில் அதே பூஜ்யம் வெறும் தண்ணீர்தான் தரும். சுவிஸ் சறுக்குத்தடங்களில் ஏறக்குறைய பாதி இந்த வசதிக்குள் வந்துவிட்டன, இத்தாலியில் பெரும்பகுதி.

அந்த வசதிக்கும் எல்லை உண்டு. 2023 ஜனவரி முதல் தேதி, சுவிட்சர்லாந்தின் டெலேமோன் ஊரில் 20.2 டிகிரி பதிவானது. அடுத்த சில நாள்களில் அடெல்போடனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின: இருபுறமும் பழுப்புப் புல், நடுவே செயற்கைப் பனியின் வெள்ளை நாடா. அந்த நாடாவில் பந்தயம் முறையாகவே நடந்தது. ‘தடம் திறந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு அந்தப் படமே போதும்.

நல்ல தடம் என்பது நாளின் எந்த மணி என்பதையும் பொறுத்தது. இரவில் வண்டிகள் ஓடிப் பனியைச் சமன்செய்கின்றன. நசுங்கிய படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் தெளிந்த இரவுக்குப் பின் காலை எட்டு மணித் தடம் கண்ணாடியாக வழுக்கும். வெயில் ஏற ஏற மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகி ரவைபோல உதிரும். பழகியவர்கள் காத்திருப்பது அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். பிற்பகலில் கால் புதையும், முழங்கால் திருகும். கிழக்குச் சரிவில் தொடங்கி வெயிலோடு மேற்குக்கு நகர்வது உள்ளூர்க்காரர் வழக்கம்.

இனி, ஆசைப்பட்டதைவிட அதிகமாகப் பெய்தால்? 2018 ஜனவரி 9 அன்று செர்மாட்டுக்குச் சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர்கள் சிலரை வெளியே தூக்கிச் சென்றன. சறுக்கு வாரத்துக்கென்று காசு கட்டி வந்தவர்கள், பனி மிகுதியால் மூடப்பட்ட தடங்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சம் வீணல்ல. 1999 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவு வீடுகளுக்குள் புகுந்து 31 பேரைக் கொன்றது.

பனிச்சரிவு அபாயத்தை ஐரோப்பா ஒன்று முதல் ஐந்து வரை அளக்கிறது. ஐந்து அபூர்வம், அந்த நாளில் யாரும் தடத்தை விட்டு வெளியே போகமாட்டார்கள். உயிர்ப்பலி அதிகம் நேர்வது மூன்றாம் நிலையில். நடுவில் இருக்கும் எண் என்பதால் ‘பரவாயில்லை’ என்று படுகிறது. வானமும் பெரும்பாலும் தெளிந்துவிட்டிருக்கும், புதுப்பனி கூப்பிடும். 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவு, காற்று கொண்டுவந்து மறுபக்கம் கொட்டிய பனிப்பலகை, அதற்கடியில் பிடிப்பில்லாத ஒரு பழைய அடுக்கு: மூன்றும் சேர்ந்தால் ஒரு மனிதரின் எடை போதும். விபத்தில் சிக்கும் சறுக்குவோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவரோ அவர் குழுவினரோதான்.

குளிர்காலத்தில் டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தன் அறிக்கையை மாலை 5 மணிக்கு வெளியிட்டு, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில் ஆபத்து என்று அது பிரித்துச் சொல்கிறது. விடுதி வாசலில் எழுதிவைக்கும் சென்டிமீட்டர் கணக்கில் அந்த இரண்டும் இருக்காது.